ஓட்டை விழுந்த இலைகளைத் தேடி

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பெரிய சிமெண்ட் தொட்டி ஒன்றில் கறிவேப்பிலைச் செடி நிற்கிறது. நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த ஆண்டில் அத்தை நட்டது. இன்று என் தலைக்கு மேல் ஒரு முழம் உயர்ந்துவிட்டது. வாரம் ஒருமுறை புளித்த மோரில் நீர் கலந்து அடியில் ஊற்றுவார். அரிசி களைந்த நீரும் வேறு எங்கும் போகாது, அந்தத் தொட்டிக்குத்தான் போகும். தினமும் காலையில் காபி குடித்த கையோடு மாடிக்கு வந்து ஒவ்வொரு ஈர்க்காகப் புரட்டிப் பார்ப்பார். புழு கண்ணில் பட்டால் விளக்குமாற்றுக் குச்சியால் தள்ளி, கைப்பிடிச் சுவருக்கு அப்பால் தெருவில் எறிந்துவிடுவார். இத்தனை ஆண்டுகளில் அந்தப் புழு எதன் குட்டி என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றியதில்லை. கடந்த கார்த்திகை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், குடும்பமாகக் காரில் கிளம்பி, திருவரங்கத்தை அடுத்த மேலூரில் உள்ள வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்குப் போய்வந்த பிறகுதான் அந்தக் கேள்வி எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது.

பயணத்துக்குக் காரணம் என் மகள். நான்காம் வகுப்புப் பாடத்துக்காக முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்ணத்துப்பூச்சி என்று நான்கு படங்களை வட்டமாக வரைந்து வண்ணம் தீட்டியிருந்தாள். ‘இதில் நீ நேரில் பார்த்தது எது?’ என்று அவளுடைய அப்பா கேட்டபோது கடைசிப் படத்தை மட்டும் தொட்டுக் காட்டினாள். எனக்கும் அதே பதில்தான் என்பது மனதில் உறுத்தியது. அன்று இரவே, வரும் சனிக்கிழமை திருச்சிக்குப் போவது என்று முடிவு செய்தோம். மேலூருக்குப் போகிறோம் என்றதும் அத்தை, ‘மேலூருக்குப் போக எதுக்கு விடியக்காலம் எந்திரிக்கணும்?’ என்று கேட்டார். மதுரைக்காரர்களுக்கு மேலூர் என்றால் அரை மணி நேரத்தில் எட்டிவிடும் எங்கள் மேலூர்தான். இது காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் வேறொரு மேலூர் என்று விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது.

விடிவதற்கு முன்பே கிளம்பினோம். எங்கள் மேலூரைக் கடக்கும்போது இருட்டு விலகவில்லை. கொட்டாம்பட்டி தாண்டியபோதுதான் கிழக்கே வெளுத்தது. முந்தைய வாரம் பெய்த மழையில் சாலையின் இருபுறமும் கண்மாய்களில் தண்ணீர் தெரிந்தது. வேறொரு நாளாக இருந்தால் நான் கவனித்திருக்க மாட்டேன்: நான்கு வழிச் சாலையின் நடுத்திட்டில் மைல் கணக்கில் அரளிதான் நட்டிருக்கிறார்கள், இளஞ்சிவப்பும் வெள்ளையுமாக. ஆடு மாடு தொடாது, தண்ணீர் அதிகம் கேட்காது, லாரிப் புகையைத் தாங்கும் என்பதால் அரளியைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று கணவர் சொன்னார். அந்த அரளியைத் திரும்பி வரும்போது வேறு கண்ணோடு பார்க்கப் போகிறோம் என்று அப்போது தெரியாது.

விராலிமலை அடிவாரத்தில் வண்டியை நிறுத்தி, மிளகாய்ப்பொடி தடவி வாழையிலையில் கட்டிக் கொண்டுவந்த இட்லியைச் சாப்பிட்டோம். முருகன் கோயில் மலைக்கும் மயிலுக்கும் பேர்போன ஊர் அது. பாறை விளிம்பில் ஆண்மயில் ஒன்று தோகையை மூடியபடி உட்கார்ந்து வெயிலுக்காகக் காத்திருந்தது. ஐந்து வயது மகன் அதைப் பார்த்த பரவசத்தில் இரண்டு இட்லியைக் கையில் வைத்துக்கொண்டே மறந்துவிட்டான்.

திருச்சிக்குள் நுழைந்து, காவிரிப் பாலத்தைக் கடந்து, திருவரங்கத்திலிருந்து மேற்கே திரும்பியதும் சாலை குறுகி, வாழைத் தோட்டங்களும் தென்னையுமாக நிலம் மாறிவிடுகிறது. காற்றில் ஈர மண்ணின் வாசனை. மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தெற்குக் கிளை காவிரி என்ற பெயரோடும் வடக்குக் கிளை கொள்ளிடம் என்ற பெயரோடும் ஓட, நடுவில் அகப்பட்ட தீவின் மேற்குப் பகுதியில், மேலணைக் காப்புக்காட்டில், ஏறக்குறைய 25 ஏக்கரில் இந்தப் பூங்காவை வனத்துறை அமைத்திருக்கிறது. 2015 டிசம்பரில் திறக்கப்பட்டது. ஆசியாவிலேயே பெரிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா என்று சொல்கிறார்கள். என்னைக் கேட்டால் அளவைவிட இடத்தைத்தான் பெரிதாகச் சொல்வேன். ஆற்று வண்டலும் ஆண்டு முழுவதும் ஈரமும் உள்ள நிலத்தில் செடி வளர்வதற்கு யாரும் அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. செடி வளர்ந்தால் பூச்சி தானாக வரும்.

ஆனால் நாங்கள் உள்ளே நுழைந்தபோது ஒரு பூச்சியும் இல்லை. வானம் மூடியிருந்தது. நடைபாதை ஓரத்தில் பூச்சிகளின் பெரிய சிற்பங்களும் குளங்களும் சிறு பாலங்களும் இருந்தன. இட்லிப்பூவும் உன்னிச்செடியும் பூத்துக் குலுங்கின. ஆனால் அவற்றின் மேல் சிறகடிக்க ஒன்றும் இல்லை. மகள் முகம் சுருங்கிவிட்டது. ‘பூச்சியே இல்லாத பூச்சிப் பூங்காவுக்கா இம்புட்டுத் தூரம் வந்தோம்?’ என்று அத்தை என் காதோடு கேட்டார். எனக்கும் பதில் தெரியவில்லை.

பதில் சொன்னவர் செடிகளுக்கு ரப்பர் குழாயில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி. சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, காலில் ரப்பர் செருப்பு. எங்கள் முகங்களைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது போலும். ‘வெயில் வரட்டும்மா, தானா எந்திரிச்சு வரும். அதுவரைக்கும் இலையப் பாருங்க. எங்க ஓட்டை இருக்கோ, அங்க பக்கத்துலயே ஆளு இருக்கும்’ என்றார்.

அவர் சொன்னதில் முழு அறிவியல் இருந்தது. வண்ணத்துப்பூச்சியின் உடலுக்குத் தன் வெப்பத்தை நம்மைப் போல ஒரே நிலையில் வைத்திருக்கத் தெரியாது. இரவெல்லாம் இலைக்கு அடியில் குளிர்ந்து கிடந்த உடம்பு, மார்புக்குள் இருக்கும் பறக்கும் தசைகள் சூடானால்தான் இயங்கும். அதற்காகவே காலையில் சிறகை விரித்து வெயில் காய்கின்றன. வெயில் இல்லாத காலையில் நூற்றுக்கணக்கில் பூச்சிகள் நம்மைச் சுற்றி இருந்தாலும் நம் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆகவே நாங்கள் இலைகளைப் பார்க்கத் தொடங்கினோம். வந்தவர்களில் பெரும்பாலோர் விளையாட்டுத் திடல் பக்கம் போய்விட, எங்கள் ஐந்து பேருக்கு மட்டும் அந்த முக்கால் மணி நேரம் ஓட்டை தேடும் வேலையாகப் போனது. அன்றைய நாளின் மிகச் சிறந்த பகுதி அதுதான் என்று இப்போது எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்வேன்.

முதல் ஓட்டையைக் கண்டுபிடித்தவன் மகன். எருக்கிலையில், அவன் கட்டை விரல் நுழையும் அளவுக்கு வட்டமாக அரித்திருந்தது. இலையைப் புரட்டினால் கருப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகள் மாறி மாறிச் சுற்றிய புழு. உடம்பின் மேல் மூன்று இடங்களில் இரட்டை இரட்டையாகக் கரிய கொம்புகள். அது வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு. எருக்கம்பாலைக் கண்ணில் படாமல் பார்த்துக்கொள் என்று பிள்ளைகளை எச்சரித்து வளர்க்கும் ஊர் நம்முடையது. அந்த நச்சுப்பாலோடு இலையைத் தின்று, நச்சைத் தன் உடம்பிலேயே சேர்த்து வைத்துக்கொள்கிறது இந்தப் புழு. சிறகு முளைத்த பிறகும் அந்த நச்சு போவதில்லை. தின்று பார்த்த பறவை அந்த ஆரஞ்சு நிறத்தை மறப்பதில்லை. புழுவின் பளிச்சென்ற பட்டைகள் அலங்காரம் என்று நினைத்திருந்தேன். அது பறவைகளுக்கு எழுதி வைத்த எச்சரிக்கைப் பலகை.

இரண்டாவது கண்டுபிடிப்பு அத்தையுடையது. நடைபாதையை விட்டுச் சற்றுத் தள்ளி நின்ற கறிவேப்பிலைச் செடியை அவர் கண்கள் தாமாகவே தேடிப் போயிருக்கின்றன. தளிர் இலை ஒன்றின் மேல் காக்கை எச்சம் காய்ந்தது போலப் பழுப்பும் வெள்ளையுமாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து ஈர்க்கில் அதைவிட நான்கு மடங்கு பெரிதாக, இலையின் நிறத்திலேயே பச்சையாக, கொழுத்த புழு ஒன்று. அத்தை நெடுநேரம் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

‘இது நம்ம வீட்டுப் புழுவுல்ல?’

தண்ணீர் பாய்ச்சிய பெண்மணி குழாயைக் கீழே போட்டுவிட்டு வந்தார். எச்சம் போல இருப்பதும் பச்சையாக இருப்பதும் ஒரே புழுதான், வயதுதான் வேறு என்றார். சின்னப் பருவத்தில் பறவை எச்சம் என்று எண்ணிப் பறவையே ஒதுக்கிவிடும்; நான்கு முறை தோலுரித்த பிறகு இலைப் பச்சைக்கு மாறிவிடும். ஈர்க்குக் குச்சி ஒன்றால் பச்சைப் புழுவின் தலைக்குப் பின்னால் மெல்லத் தொட்டுக் காட்டினார். சட்டென்று தலையைத் தூக்கி, பாம்பின் பிளவுண்ட நாக்கைப் போலச் சிவப்பாக இரண்டு கொம்புகளை வெளியே நீட்டியது. காரமான, புளித்த நாற்றம் ஒன்று வந்தது. ஒரு சில நொடிகளில் கொம்புகள் உள்ளே போய்விட்டன. ‘இதுதான் கறிவேப்பிலை அழகியா வரும். வீட்டுல வச்சிருக்கீங்களாம்மா, நிறைய வருமே?’ என்று அவர் கேட்டார். அத்தை பதில் சொல்லவில்லை. சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் குனிந்து பார்த்தார். அந்த மௌனத்தின் காரணம் எனக்குத் தெரிந்தது. பிள்ளைகள் இருவருக்கும்கூடத் தெரிந்திருக்கும். அவர்களும் ஒன்றும் கேட்கவில்லை.

பத்தரை மணிக்கு மேல் மேகம் விலகியது. மூடி வைத்த பெட்டியைத் திறந்தது போல, எந்தத் திசையிலிருந்து வந்தன என்று சொல்ல முடியாதபடி பூச்சிகள் கிளம்பின. நீல வரியன்கள் கூட்டமாகக் கிலுகிலுப்பைச் செடிகளில் இறங்கின. அவை தேனுக்காக வரவில்லை. ஆண் பூச்சிகள் அந்தச் செடிகளின் காய்ந்த பகுதிகளிலிருந்து ஒருவகை வேதிப்பொருளை உறிஞ்சி எடுத்து, பெண்ணைக் கவரும் வாசனையாக மாற்றிக்கொள்கின்றன என்று வீட்டுக்கு வந்த பிறகு படித்தேன். குழாய்த் தண்ணீர் தேங்கிய சேற்றில் வெள்ளைப் பூச்சிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. பூந்தேனில் கிடைக்காத உப்பு சேற்றில் கிடைக்கிறது. அதைத் தேடி வருபவையும் பெரும்பாலும் ஆண்கள்தான். இந்தத் தோட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் பதிவாகியுள்ளன. எங்கள் மகள் அன்று பதினேழு வரை எண்ணிவிட்டு எண்ணிக்கையைக் கைவிட்டாள்.

என் பார்வை மட்டும் அந்தக் கறிவேப்பிலைச் செடியை விட்டு நகரவில்லை. கருஞ்சிறகில் சிவப்புப் பொட்டுகளும் வெள்ளைத் திட்டும் கொண்ட பூச்சி ஒன்று அதைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஓர் இலையில் இறங்கும், முன்கால்களால் இலையைப் படபடவென்று தட்டும், பறந்துவிடும். மறுபடியும் அடுத்த இலை. வண்ணத்துப்பூச்சிக்கு நாக்கு வாயில் மட்டும் இல்லை, காலிலும் இருக்கிறது. முட்டையிட வந்த தாய் அப்படித் தட்டித்தான் தன் பிள்ளை தின்னக்கூடிய இலை இதுவா என்று சுவைத்துப் பார்க்கிறது. கடைசியில் ஒரு தளிரின் மேல் வயிற்றை வளைத்து ஒரே ஒரு முட்டையை வைத்துவிட்டுப் போனது. கடுகைவிடச் சிறியது, வெளிர் மஞ்சள், உருண்டை. பாடப் புத்தகத்து வட்டத்தின் முதல் படத்தை என் மகள் நேரில் பார்த்தது அப்போதுதான்.

அந்தச் சிவப்புப் பொட்டுகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் வீட்டு மாடியில் வளரும் ஒரு செடிக்குப் பின்னால் இவ்வளவு பெரிய கதை இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. பூங்காவில் ஆடுதின்னாப்பாளையும் வளர்கிறது. பெயரே சொல்கிறது, ஆடுகூடத் தின்னாது; அவ்வளவு கசப்பு, அவ்வளவு நச்சு. இந்தக் கொடியையும் ஈஸ்வரமூலி போன்ற இதன் உறவுச் செடிகளையும் மட்டுமே தின்று வளரும் வண்ணத்துப்பூச்சி வகை ஒன்று உண்டு. கருஞ்சிறகு, சிவந்த உடல், பின்சிறகில் சிவப்புப் பொட்டுகள். அதுவும் நச்சைச் சேமித்து வைத்திருப்பதால் பறவைகள் அதைத் தொடுவதில்லை. நம் கறிவேப்பிலை அழகிக்கு அப்படி எந்த நச்சும் இல்லை. கறிவேப்பிலையைத் தின்று வளர்ந்த உடம்பு பறவைக்கு நல்ல தீனிதான். அதனால் அதன் பெண் பூச்சிகளில் ஒரு பகுதி, ஆடுதின்னாப்பாளைப் பூச்சியைப் போலவே வேடம் போட்டுக்கொள்கின்றன. ஆண் பூச்சி கருப்பும் வெள்ளைப் புள்ளி வரிசையுமாக இருக்கும். சில பெண்கள் ஆணைப் போலவே இருக்கும். மற்றவை நச்சுப் பூச்சிகளின் சாயலில் இருக்கும். பார்த்தவர்கள் ஒரு காலத்தில் இவற்றைத் தனித்தனி இனங்கள் என்றே நினைத்தார்கள். தென்கிழக்காசியத் தீவுகளில் ஆண்டுக்கணக்காகப் பூச்சி சேகரித்த ஆல்பிரட் ரசல் வாலஸ், இவை அனைத்தும் ஒரே இனத்தின் பெண்கள்தாம் என்பதை 1865ஆம் ஆண்டு வெளியான ஆய்வில் விளக்கினார். அந்த வேடத்தை எந்த மரபணு தீர்மானிக்கிறது என்பது 2014இல்தான் தெரியவந்தது. அந்த ஆய்வை நடத்திய குழுவில் முதன்மையானவர் பெங்களூரில் பணிபுரியும் கிருஷ்ணமேக் குண்டே. ஒன்றரை நூற்றாண்டு அறிவியலாளர்கள் உட்கார்ந்து யோசித்த பூச்சியை நாங்கள் குச்சியால் தள்ளித் தெருவில் போட்டிருக்கிறோம். இதை எழுதும்போதும் மனம் கனக்கிறது.

அன்று ஓர் அழுகையும் இருந்தது. சேற்றோரம் உட்கார்ந்திருந்த கொன்னை வெள்ளையன் ஒன்றை, நான் பார்ப்பதற்குள் மகன் சிறகைப் பிடித்துத் தூக்கிவிட்டான். விடு என்று நான் சொன்னதும் விட்டுவிட்டான். அது தள்ளாடியபடி புதருக்குள் போனது. அவன் பெருவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் வெளிர் மஞ்சளாக மாவு ஒட்டியிருந்தது. வெயிலில் விரலைத் திருப்பினால் மின்னியது. அது மாவு இல்லை, சிறகின் மேல் ஓடு வேய்ந்தது போல அடுக்கடுக்காக இருக்கும் செதில்கள், நிறம் முழுக்க அவற்றில்தான் இருக்கிறது, உதிர்ந்தால் மறுபடி முளைக்காது என்று அவனுடைய அப்பா சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று நினைக்கும் அளவுக்கு அவன் அழுதான். கையைக் கழுவ மாட்டேன் என்றான். ‘திருப்பி ஒட்டிவிடலாமா?’ என்று அவன் கேட்டதற்கு யாரிடமும் பதில் இல்லை. அத்தைதான் அவனைத் தூக்கிக்கொண்டு நட்சத்திர வனத்துப் பக்கம் போனார்.

இருபத்தேழு நட்சத்திரங்களுக்கும் ஒவ்வொரு மரம் என்று வகுத்து நட்டிருக்கும் இடம் அது. பரணிக்கு நெல்லி, ரோகிணிக்கு நாவல், பூசத்துக்கு அரசு, மகத்துக்கு ஆல். ஒவ்வொருவரும் அவரவர் மரத்தைத் தேடினோம். அத்தைக்குச் சித்திரை, அவர் மரம் வில்வம். கும்பிட்டுவிட்டு நிமிர்ந்தவர், பழக்க தோஷத்தில் இலையைப் புரட்டினார். அங்கேயும் காய்ந்த எச்சம் போல ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. வில்வம், எலுமிச்சை, நாரத்தை, விளா, கறிவேப்பிலை எல்லாம் ஒரே குடும்பத்துச் செடிகள். கசக்கினால் எழும் வாசனை எண்ணெய்தான் அவற்றின் குடும்ப அடையாளம். எலுமிச்சை அழகியும் கறிவேப்பிலை அழகியும் அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டே வருகின்றன. தாளிப்புக்கும் ஊறுகாய்க்கும் சிவபூசைக்கும் நாம் வைத்திருக்கும் இலைகள் எல்லாம் அவற்றின் பிள்ளைகளுக்குச் சோறு. ‘என் மரத்துலயும் இருக்கு பாரு’ என்று அத்தை பேரனிடம் காட்டினார். அவன் அழுகையை நிறுத்திவிட்டு, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தான். அன்று முழுவதும் அந்தக் கைகள் அங்கேயே இருந்தன.

வலைக்கூரை வேய்ந்த கூடமும் இனப்பெருக்க ஆய்வகமும் பூங்காவில் உண்டு. ஆனால் திறந்தவெளியில் பார்த்த பிறகு மூடிய இடத்தில் எங்களுக்கு அவ்வளவு ஈடுபாடு ஏற்படவில்லை. விரைவாகக் கடந்து வந்துவிட்டோம். தமிழ் மறவனைக் காட்டுங்கள் என்று மகள் கேட்டாள். 2019இல் தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்டது அது. அடர்ந்த மலைக்காட்டுப் பூச்சி. மேற்குத் தொடர்ச்சி மலையில் நீரடிமுத்து மரத்தின் இலையைத் தின்று வளர்கிறது. அந்த மரம் இருக்கும் இடத்துக்கு நாம்தான் போக வேண்டும் என்று சொன்னேன். ஒரு பூச்சியைச் சொல்லும்போது கூடவே அதன் இலையையும் சொல்லும் பழக்கம் அதற்குள் எனக்கு வந்துவிட்டிருந்தது.

மதியச் சாப்பாடு முக்கொம்பில். புளியோதரையும் தயிர்சாதமும் கொண்டுபோயிருந்தோம். ஆர்தர் காட்டன் 1836இல் கட்டத் தொடங்கிய மேலணை அங்கே இருக்கிறது. 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் கொள்ளிடம் பக்கத்து மதகுகள் ஒன்பது அடித்துச் செல்லப்பட, புதிய கதவணை கட்டியிருக்கிறார்கள். ஈர மணலில் இங்கேயும் வெள்ளைப் பூச்சிகள் உட்கார்ந்திருந்தன. அவற்றைச் சுற்றிக்கொண்டு நடக்க வேண்டும் என்று மகன் எங்கள் எல்லாருக்கும் கட்டளையிட்டான்.

திரும்பும் வழியில் துவரங்குறிச்சிக்கு முன்னால் ஒரு தேநீர்க் கடையில் நிறுத்தினோம். கடையின் பக்கவாட்டில், பாத்திரம் கழுவும் தண்ணீர் போகும் இடத்தில் ஓர் அரளிச் செடி. இலைகளில் ஓட்டை. ‘ஆளு பக்கத்துலயே இருக்கும்’ என்று மகள் அந்தப் பெண்மணியின் குரலிலேயே சொல்லிக்கொண்டு தேடினாள். புழு இல்லை. கிளையின் அடியில், சாய்ந்த வெயிலில் ஏதோ மின்னியது. விரல் நுனி அளவில், தொங்கட்டான் போல, ஒரு கூட்டுப்புழு. வெள்ளிப் பூச்சு பூசிய கண்ணாடியைப் போல அவ்வளவு பளபளப்பு. அதில் மகளின் முகமும் அவளுக்குப் பின்னால் இருந்த வானமும் சிறிதாக வளைந்து தெரிந்தன. வெண்புள்ளிக் கருப்பனின் கூடு அது. கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, பத்து வருசமாக் கடை போட்டிருக்கேன், பார்த்ததில்லையே என்று வியந்தார். வண்டியில் ஏறிய பிறகு மதுரை வரைக்கும் நடுத்திட்டு அரளியைப் பிள்ளைகள் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டு வந்தார்கள். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டை தெரியாது என்று சொன்னாலும் கேட்கவில்லை.

ஊர் திரும்பிய மறுநாள் காலை அத்தை வழக்கம் போல மாடிக்குப் போனார். விளக்குமாற்றுக் குச்சி கையில் இல்லை. அவர் எதையும் அறிவிக்கவில்லை; நாங்களும் கேட்கவில்லை. மூன்றாம் வாரம், தண்ணீர்த் தொட்டி பக்கத்துக் கிளையில் ஐந்து புழுக்கள் இருந்தன. இரண்டை ஒரு தையல்சிட்டு கொத்திக்கொண்டு போனதை மகள் பார்த்தாள். ஒன்று எங்கே போனது என்று தெரியவில்லை. மீதி இரண்டும் கூடு கட்டின. இடுப்பில் பட்டு நூலால் ஒரு சுற்றுச் சுற்றி, ஈர்க்கோடு தம்மைக் கட்டிக்கொண்டு, பார்த்தால் சற்றே காய்ந்த இலை என்று தோன்றும்படி நின்றன. அவற்றில் ஒன்று பத்து நாளில் கருத்துப் போய், ஊசியால் குத்தியது போல ஓர் ஓட்டை விழுந்து, உள்ளிருந்து எறும்பைவிடச் சிறிய குளவிகள் பல வெளியே வந்தன. அவை அந்தக் கூட்டுக்குள் முட்டையிட்டு வளரும் ஒட்டுண்ணிகள். மகளுக்கு அதை மறைக்காமல் சொன்னோம். பாடப் புத்தகத்து வட்டத்தில் அந்தப் படத்தை எங்கே வரைவது என்று கேட்டாள். வட்டத்துக்கு வெளியே ஒரு கோடு போட்டு வரைந்து வைத்திருக்கிறாள்.

மற்றது ஒரு திங்கட்கிழமை காலையில் வெடித்தது. பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் நான் இருந்தேன். மாடியிலிருந்து அத்தை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், வெறும் கூட்டைப் பிடித்துக்கொண்டு, கசங்கிய துணி போல நனைந்த சிறகுகளோடு ஒரு பூச்சி தொங்கிக்கொண்டிருந்தது. பெண். கருஞ்சிறகில் சிவப்புப் பொட்டுகள் இருந்தன. சிறகு கொஞ்சம் கொஞ்சமாக விரிந்து, சுருக்கம் நீங்கி, காய்ந்து விறைப்பதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பிள்ளைகள் அன்று பள்ளிக்குத் தாமதமாகத்தான் போனார்கள். அத்தை காபி டம்ளரைக் கையில் வைத்தபடி, ஆறிப் போனதுகூடத் தெரியாமல் நின்றார். அது ஒருமுறை சிறகை அடித்துப் பார்த்தது. பிறகு கிளம்பி, எதிர்வீட்டு முருங்கையைச் சுற்றி, மின்கம்பிக்கு மேலாகப் போய்விட்டது. கண்ணுக்கு மறையும் வரை பார்த்திருந்த அத்தை என் பக்கம் திரும்பினார்.

‘சட்னிக்குத் தாளிக்கணும்ல தாயி? தொட்டிப் பக்கத்துக் கிளைய விட்டுட்டு, இந்தப் பக்கம் பறிச்சுக்க.’